செப்புக்காசின் சாட்சியம்: கந்தரோடையும் உரோமபுரியும்

உரோமப் பேரரசு என்றதும் நம் மனத்தில் தோன்றுபவை பாடநூற் படங்களில் பார்த்த கொலோசியமும் யூலியஸ் சீசரும்தான். அவை கடல் கடந்த தூரத்துச் சங்கதிகள், பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிடலாம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் அந்தப் பேரரசின் காசுகள் நாம் நாள்தோறும் பஸ்ஸில் கடந்து போகும் ஊர்களுக்குப் பக்கத்திலேயே மண்ணிலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. நான் குடியிருப்பது இணுவிலில். காங்கேசன்துறை வீதியால் மருதனார்மடம் தாண்டி, சுன்னாகத்தில் மேற்கே திரும்பினால் கந்தரோடை வந்துவிடும். சைக்கிளில் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். உரோமக் காசுகள் கிடைத்த இடம் அதுதான்.

உயர்தர வகுப்பில் வரலாறு பயிலும் மாணவிகளாகிய நாம் இவ்வருடக் கல்விச் சுற்றுலாவில் முதலில் நல்லூர் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலைக்கும், பின்னர் கந்தரோடைக்கும் சென்றோம். சென்றது, பார்த்தது, சாப்பிட்டது எல்லாவற்றையும் இங்கே வரிசைப்படுத்தப் போவதில்லை. அன்று எங்களுக்குள் எழுந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "கந்தரோடையில் உரோமக் காசு கிடைத்ததென்றால், உரோமர் கந்தரோடைக்கு வந்தார்கள் என்றுதானே அர்த்தம்?" இதற்கு விடை தேடும்போது ஒரு பழம்பொருளை எப்படிப் பார்க்க வேண்டும் என்ற பாடமும் கிடைக்கிறது. அந்தப் பாடம் பரீட்சைக்கு வெளியிலும் நமக்குத் தேவைப்படுவது.

நூதனசாலையில் கண்டவை

நல்லூர் நூதனசாலை பெரிய கட்டடம் அல்ல. வாசலில் ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிகள், திமிங்கில எலும்புகள். உள்ளே கந்தரோடையிலிருந்து வந்த, தலையில்லாத புத்தர் சிலைகளின் உடற்பகுதிகள். அரிதான ஏழுவாய்க் குடம். இவற்றின் முன்னால் எல்லோரும் நின்றோம். பழங்காசுகளின் முன்னால் மட்டும் எவரும் அதிக நேரம் நிற்கவில்லை. காரணம் எளியது. அவை சிறியவை, கறுத்தவை, தேய்ந்தவை. வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

அதனால்தான் எங்கள் ஆசிரியை பிற்கால உரோமச் செப்புக்காசு ஒன்றின் பெரிதாக்கிய படத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார். "பிள்ளையள், பொன்னும் சிலையும் தாங்களே கதைக்கும். காசு அப்படியில்லை. நாங்கள் கேட்டால்தான் அது பதில் சொல்லும்" என்றார். பிறகு நூதனசாலை மரநிழலில் எங்களை இருத்தி, காசிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார்.

காசிடம் கேட்க வேண்டியவை

முதற்கேள்வி: எந்த உலோகம்? பொன்னும் வெள்ளியும் பெரிய கொடுக்கல் வாங்கலுக்குரியவை. செம்பு சில்லறைக்குரியது. இலங்கையில் கிடைத்த உரோமக் காசுகளிற் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சிறிய செப்புக் காசுகள். சுண்டுவிரல் நகத்தளவானவை அவற்றுள் நிறைய.

இரண்டாவது: முன்பக்கத்தில் யார்? பிற்கால உரோமக் காசுகளில் பேரரசரின் தலை பக்கவாட்டில் இருக்கும். தலையைச் சுற்றி முத்து வைத்த பட்டி ஒன்று கட்டப்பட்டிருக்கும். விளிம்பைச் சுற்றி இலத்தீன் எழுத்தில் அவர் பெயர். பெயர் தேய்ந்து போனாலும், அந்தப் பட்டியைக் கொண்டே இது கொன்ஸ்தாந்தீன் காலத்துக்கு, அதாவது கி.பி. 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு முந்தியதல்ல என்று ஊகிக்கலாம்.

மூன்றாவது: பின்பக்கத்தில் என்ன? ஈட்டியோடு நிற்கும் இரண்டு போர்வீரர், வெற்றித் தேவதை, மாலைக்குள் சிலுவை என்று படம் காலத்துக்குக் காலம் மாறும். படத்தின் அடியில் சில எழுத்துகள் இருக்கும். அவை காசு அடிக்கப்பட்ட அக்கசாலையின் அடையாளம். அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, கொன்ஸ்தாந்திநோப்பிள் ஆகிய நகரங்களின் பெயர்ச் சுருக்கங்களை அங்கே காணலாம்.

நான்காவது: எவ்வளவு தேய்ந்திருக்கிறது? அடித்த சில நாட்களிலேயே புதைந்த காசு கூர்மையாக இருக்கும். நூறு கை மாறிய காசு வழுவழுப்பாகிவிடும். தேய்மானம் என்பது காசின் வயதைவிட அதன் உழைப்பைக் காட்டுவது.

ஐந்தாவது: எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது? முதல் நான்கு கேள்விகளுக்கும் காசு தானே பதில் சொல்லும். இந்த ஐந்தாவதற்குக் காசால் பதில் சொல்ல முடியாது. அதை மண்ணிலிருந்து எடுத்தவர் எழுதி வைத்தால்தான் உண்டு. இதைப் பற்றிப் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

கந்தரோடையில் எடுக்கப்பட்டவை

கந்தரோடையின் பழமையை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர் போல் ஈ. பீரிஸ். பிரித்தானியர் ஆட்சியில் உயர் பதவி வகித்த அவர் வரலாற்றாசிரியரும் ஆவார். 1917ஆம், 1919ஆம் ஆண்டுகளில் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் தமது கண்டுபிடிப்புகளை எழுதினார். வட்டமான சிறு தூபிகளோடு, முத்திரை குத்திய பழைய இந்தியக் காசுகள், இலட்சுமி உருவம் பொறித்த நீள்சதுரத் தகடுகள், உரோமக் காசுகள், மணிகள் என்பனவும் அங்கே கிடைத்தன. கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்களும் இருந்தன. உம்மாவின் சுர்மாக் குப்பிக்குள் இருக்கும் கோலை நினைத்துப் பாருங்கள். அந்தப் பழக்கம் இந்த மண்ணுக்கு எவ்வளவு பழையது!

பின்னர் 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூதனசாலையைச் சேர்ந்த குழு கந்தரோடையில் முறையாக அகழ்ந்தது. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் ஊராக வாழ்ந்தனர் என்பது அதனால் உறுதியானது. ஆகவே உரோமக் காசு வெறுங்காட்டில் வந்து விழவில்லை. ஏற்கெனவே பானை வனைந்து, இரும்பு உருக்கி, வியாபாரம் செய்து வாழ்ந்த ஓர் ஊருக்குத்தான் அது வந்து சேர்ந்தது.

காசு வந்தால் ஆளும் வந்தாரா?

இப்போது எங்கள் கேள்விக்கு வருவோம். இன்று யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் அமெரிக்க டொலர் தாள் இருக்கும். ஆயிரம் வருடங்களுக்குப் பிறகு ஒருவர் அதை மண்ணுக்குள் கண்டெடுத்து, "இணுவிலில் அமெரிக்கர் வாழ்ந்தனர்" என்று எழுதினால் நமக்குச் சிரிப்பு வராதா? பணம் தான் பிறந்த நாட்டு மனிதரோடுதான் பயணம் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பும், வியாபாரி மாற்றுவார், நகைக்கடைக்காரர் வாங்குவார்.

மட்பாண்டம் பற்றியும் இதே கேள்வி எழுந்தது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மோட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, இத்தாலியிலிருந்து வந்த சிவப்புப் பாண்டங்களின் துண்டுகள் கிடைத்தன. அவற்றோடு, அடியின் உட்புறத்தில் சிறு சிறு கீறல்கள் வட்ட வட்டமாக ஓடும் மெல்லிய சாம்பல் நிறத் தட்டுகளும் கிடைத்தன. தொல்லியலாளர் இதனை றௌலட்டட் பாண்டம் என்பர். இதுவும் மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து வந்ததென்றே வீலர் கருதினார். ஆனால் விமலா பெக்லி போன்ற பிற்கால ஆய்வாளரின் ஒப்பீடுகளும், களிமண்ணைப் பகுத்துப் பார்த்த சோதனைகளும் அது இந்தியாவிலேயே வனையப்பட்டது என்ற முடிவுக்கு இட்டுச் சென்றன. அதே வகைத் தட்டுகள் கந்தரோடையிலும் கிடைத்துள்ளன. அப்படியானால் கந்தரோடைத் தட்டு உரோமர் வருகைக்குச் சாட்சியல்ல. வங்கக் கடலோர ஊர்களுக்கும் கந்தரோடைக்கும் இருந்த போக்குவரத்துக்கே சாட்சி.

ஆகவே காசைப் பற்றிப் பொறுப்போடு சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உரோமப் பேரரசில் அடிக்கப்பட்ட பணம் கந்தரோடை வரை வந்திருக்கிறது. அதைக் கொண்டு வந்தவர் உரோமராக இருக்கலாம். எகிப்தியக் கிரேக்கராக இருக்கலாம். தமிழகத்து வணிகராக இருக்கலாம். நம் கரையிலிருந்து தோணி கட்டிப் போனவராகவும் இருக்கலாம். "இருக்கலாம்" என்ற சொல்லை எழுத வேண்டிய இடத்தில் "இருந்தனர்" என்று எழுதினால் அது வரலாறு அல்ல, ஆசை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கந்தரோடையைப் பற்றிப் பேசும்போது "இது எங்களுடையது" என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பதைப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் காண்கிறோம். அங்கே இந்தியக் காசும் இருக்கிறது, உரோமக் காசும் இருக்கிறது. பௌத்தத் தூபியும் இருக்கிறது, அதற்கு முந்திய ஊரும் இருக்கிறது. ஒரு பொருளுக்குள் இல்லாததை அதன் வாயில் திணித்தால், உள்ளே இருப்பதும் நமக்குக் கேட்காமல் போய்விடும்.

எழுத்தில் இருக்கும் சாட்சிகள்

காசு சொல்லாததைச் சிலவேளை ஏடு சொல்லும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடிப்பின்போது இறந்த உரோம அறிஞர் பிளினி, தாப்ரபேன் என்று அவர்கள் அழைத்த இலங்கையைப் பற்றி ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அன்னியஸ் புளொக்காமஸ். அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவர் அரேபியாவைச் சுற்றிக் கப்பலோட்டும்போது, காற்றால் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கைத் துறைமுகம் ஒன்றை அடைந்தாராம். அவரிடமிருந்த வெள்ளிக் காசுகளை இலங்கை அரசர் பார்த்தார். வெவ்வேறு பேரரசர்களின் முகம் பொறித்திருந்தும் எல்லாக் காசும் ஒரே நிறையாக இருந்தன. அதைக் கண்டு, இவர்கள் நேர்மையானவர்கள் என்று வியந்து, உரோமுக்கு நான்கு தூதரை அனுப்பினார். இது குளோடியஸ் ஆட்சியில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில் நடந்ததாகப் பிளினி கூறுகிறார்.

அரசர் காசின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை, நிறையையும் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். நிறுவையில் நேர்மையை வைத்து ஒரு தேசத்தையே மதிப்பிட்டிருக்கிறார். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்யாதீர்கள் என்று மார்க்கம் படித்த நமக்கு அந்த வியப்பு அந்நியமாகத் தோன்றாது.

ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மஸ் என்பவரும் ஒரு கதையை எழுதி வைத்தார். சொபத்ரஸ் என்ற உரோம வியாபாரியும் ஒரு பாரசீகரும் இலங்கை அரசர் முன்னிலையில் யாருடைய மன்னர் பெரியவர் என்று வாதாடினர். இருவரின் காசையும் பாருங்கள் என்றார் சொபத்ரஸ். பாரசீகரிடம் வெள்ளிக்காசு, சொபத்ரஸிடம் பொற்காசு. வென்றது பொற்காசு. சொன்னவர் உரோமப் பக்கத்தவர் என்பதால் கதையை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனால் இரண்டு நாட்டு வணிகரும் இங்கே ஒரே சபையில் நிற்பது கேட்பவருக்கு இயல்பாகத் தோன்றியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

சில்லறை ஏன் இவ்வளவு தூரம் வந்தது?

தமிழ்நாட்டில், குறிப்பாகக் கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிகளில், முற்கால உரோமப் பொன், வெள்ளிக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் உரோமர் கொடுத்த விலை அது. இந்தியா, சீனா, அரேபியா ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்தர்சியப் பணம் போய்விடுகிறதென்று பிளினியே குறைப்பட்டிருக்கிறார். இலங்கையில் அப்படிப்பட்ட முற்காலப் பொன், வெள்ளிக் காசுகள் மிகக் குறைவு. அக்காலத்தில் இலங்கைப் பொருட்கள் பெரும்பாலும் தென்னிந்தியச் சந்தைகள் வழியாகவே மேற்கே போயின என்று ஆய்வாளர் இதற்கு விளக்கம் தருகின்றனர்.

பிற்காலச் செப்புக்காசு இங்கே ஆயிரக்கணக்கில் வந்தது ஏன்? அன்றாடச் சந்தைக்குச் சின்னப் பணம் தேவைப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தேவை எவ்வளவு பெரியது என்றால், வந்த காசு போதாமல் அதே மாதிரிச் சிறு காசுகளை இலங்கையிலேயே வார்த்தும் அடித்தும் புழங்கியிருக்கிறார்கள். தென்பகுதியில், மாத்தறைக்கு அருகிலுள்ள நைமனவில் இத்தகைய போலிக்காசுகள் ஏராளமாகக் கிடைத்தன. "போலி" என்றாலும் ஏமாற்று என்று கொள்ள வேண்டியதில்லை. ஊர்ச்சந்தை அதை ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். பேரரசரின் முகம் அதில் வெறும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் மாறியிருக்கும். அதை வாங்கிய மரக்கறிக்காரிக்கு அந்த முகம் யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

காசின் பெயர் நம் கிதாபிலும்

இந்த வழி உரோமரோடு முடிந்துவிடவில்லை. உரோமரின் வெள்ளிக்காசுக்குப் பெயர் தினாரியஸ். கிரேக்கரின் காசுக்குப் பெயர் திரக்மா. இவை அரபு மொழியில் நுழைந்து தீனார் என்றும் திர்ஹம் என்றும் ஆயின. தீனார் பொற்காசுக்கும் திர்ஹம் வெள்ளிக்காசுக்கும் பெயராயின. ஆலு இம்ரான் சூராவில் தீனார் என்ற சொல்லும், யூசுப் சூராவில் திர்ஹம் என்பதன் பன்மையும் வருகின்றன. சூரா அர்-ரூம் என்ற பெயரில் உள்ள ரூம் கிழக்கு உரோமப் பேரரசுதான். நபி (ஸல்) அவர்கள் காலத்து மக்கத்து வணிகர் கையில் புழங்கியவை கிழக்கு உரோமரின் பொற்காசும் பாரசீகரின் வெள்ளிக்காசுமே. ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696, 697 அளவில், கலீபா அப்துல் மலிக்தான் உருவம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் பொறித்த தீனாரை அடிப்பித்தார். அதன் நிறை ஏறக்குறைய 4.25 கிராம். ஸகாத்தின் நிஸாப் இருபது தீனார், இருநூறு திர்ஹம் என்று மதரஸாவில் மனனமிட்டோமே, அந்தச் சொற்களும் கந்தரோடைக் காசும் ஒரே கடல் வழியைச் சேர்ந்தவை.

மன்னாரில் திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தைத் துறைமுகத்தில் 1980களில் ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழாய்வில் சீனப் பாண்டங்களும் பாரசீக வளைகுடாப் பக்கத்துப் பளபளப்புப் பூச்சுப் பாண்டங்களும் கிடைத்தன. உரோமக் கப்பல்கள் குறைந்த பிறகு அரபியரும் பாரசீகரும் அந்தக் கடலில் ஓடினர். இந்த வடகரைக்கு வெளியிலிருந்து ஆட்கள் வருவதும், தங்குவதும், கலந்து வாழ்வதும் ஒரு காலத்துச் சங்கதியல்ல. அதுவே இந்தக் கரையின் வழக்கம்.

எடுத்த இடம் இல்லையேல்

இனி அந்த ஐந்தாவது கேள்வி. எங்கள் வீட்டில் ஒரு பழைய சஹன் இருக்கிறது. உம்மும்மாவின் கலியாணத்துக்குச் செய்வித்தது. அடிப்பக்கத்தில் இரண்டு எழுத்து கீறப்பட்டிருக்கும். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற நேர்ந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அடுத்த வீட்டுத் தமிழ் அம்மா எடுத்து வைத்திருந்து, பல வருடங்களுக்குப் பிறகு திரும்பித் தந்தார். உம்மும்மா சொன்னதால் இது எனக்குத் தெரியும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது பழைய இரும்பு வாங்குபவரின் தராசில் இத்தனை கிலோ என்று மட்டுமே கணக்காகும். யாருடையது, எந்த வீட்டில் இருந்தது, யார் காத்தார் என்பதெல்லாம் போய்விடும்.

காசும் அப்படியே. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது கிடைத்த வெண்கல முத்திரை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? அது ஒரு பெருங்கற்காலப் புதைகுழியில் எலும்புக்கூட்டோடு கிடைத்தது. ஆகவே அது இறந்தவரோடு தொடர்புடையது, அந்தக் காலத்துக்குரியது என்று சொல்ல முடிகிறது. அதே முத்திரையை யாராவது கடையில் விற்றிருந்தால் அழகான சிறு வெண்கலத் துண்டு என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லியிராது.

இணுவில், சுன்னாகம், கந்தரோடைப் பக்கங்களில் இன்றும் தோட்டம் கொத்துகிறார்கள், கிணறு தோண்டுகிறார்கள், வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். புதையல் தேடி இரவில் கிண்டுவோரும் பழங்காசு வாங்கி விற்போரும் நாட்டில் இருக்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணிலிருந்து கண்டெடுக்கப்படும் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட தொல்பொருட்கள் அரசுக்குரியவை; கண்டெடுத்தவர் உடனே அறிவிக்க வேண்டும். சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல, அமானிதம் என்ற எண்ணத்தோடும் இதைச் செய்யலாம். முன்னே வாழ்ந்தவர் விட்டுப்போன பொருள் பின்னே வருபவருக்கும் உரியது. இடையில் நிற்கும் நாம் காவலாளிகள் மட்டுமே.

மாணவிகளும் பெற்றோரும் செய்யக்கூடியவை சிலவே. தோட்டத்திலோ அத்திவாரக் குழியிலோ பழைய காசு, மணி, எழுத்துள்ள ஓட்டுத் துண்டு கண்டால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும். எடுக்குமுன் அது கிடக்கும் நிலையைக் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். திகதி, காணி, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பின்னர் கிராம அலுவலருக்கோ தொல்பொருள் திணைக்கள அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள். பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிப்போரையும் கேட்கலாம்.

வீட்டுக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த விடுமுறையில் உங்கள் மூத்தவர்களிடம் வீட்டிலுள்ள மிகப் பழைய பொருள் எதுவென்று கேளுங்கள். அது எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், எந்த வருடம் என்று அவர்கள் சொல்லும்போதே எழுதிக்கொள்ளுங்கள். சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதை எழுதிவிட வேண்டும்.